பச்சிளங்குழந்தையின் பச்சை வாந்தி

பிறந்த குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதைக் குடல் அடைப்பு என்றே கொள்ள வேண்டும். குழந்தைகள் அறுவைசிகிச்சையின் பாலபாடம் இது. சிறுகுடலின் தொடக்கத்தில் வந்து கலக்கும் பித்தநீர், கீழே இறங்க வழியில்லாமல் மேலே வருவதால்தான் வாந்தி பச்சையாகிறது. அதைச் சீர் தட்டியதாக எண்ணி மந்திரிக்கக் கொண்டுபோவதும், உரைமருந்து புகட்டுவதும் உயிரோடு விளையாடுவதாகும்.

அடைப்பில் பல வகை உண்டு. முன்சிறுகுடல் மூடியிருந்தால் எக்ஸ்ரேயில் இரண்டு குமிழ்கள் தெரியும். இக்குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு டவுன் சிண்ட்ரோமும் இருக்கும். அதற்குக் கீழே சிறுகுடல் அறுபட்டுப்போவதன் காரணத்தை 1955இல் கேப்டவுனில் லோ, பர்னார்டு என்ற மருத்துவர்கள் காட்டினர். நாயின் கருவில் குடலுக்குப் போகும் ரத்தக்குழாயை அவர்கள் கட்டினர். ரத்தம் கிடைக்காத பகுதி அழிந்து, குட்டி அடைப்போடு பிறந்தது. கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததால் வந்த வினை என்று பழி சுமத்துவோர் இந்த உண்மையை அறிய வேண்டும். பெருங்குடலின் கடைப்பகுதியில் நரம்பணுக்கள் இல்லாத ஹிர்ஷ்ஸ்பிரங் நோயும், ஆசனவாய் திறக்காமல் பிறப்பதும் வேறு வகைகள்.

எல்லாவற்றிலும் கொடியது குடல் முறுக்கு. கருவில் சரியாகத் திரும்பி அமையாத குடல், தன் ரத்தக்குழாயையே அச்சாகக் கொண்டு முறுக்கிக்கொள்ளும். சில மணி நேரத்தில் சிறுகுடல் முழுவதும் கறுத்து அழுகிவிடலாம். முறுக்கை அவிழ்த்து, குடலை அழுத்தும் பட்டைகளை வெட்டி, அதன் அடித்தளத்தை அகலப்படுத்தும் முறையை பாஸ்டனின் வில்லியம் லேட் 1936இல் வகுத்தார். இன்றும் அதுவே கைகொடுக்கிறது.

அறுபட்ட குடலில் அடைப்புக்கு மேலே குடல் பருத்துப் புடைத்திருக்கும். கீழே பென்சிலைவிட மெலிந்து சுருங்கியிருக்கும். பருத்த முனையை வெட்டி, கீழ்ப்பகுதிக்குள் உப்புநீர் செலுத்தி இன்னொரு அடைப்பு இல்லை என்று உறுதி செய்த பிறகே இரண்டையும் நுண்ணிய தையலால் இணைப்பார்கள். குடல் வேலை செய்யத் தொடங்கும்வரை ரத்தநாளம் வழியே ஊட்டம் தரும் முறை 1960களின் இறுதியில் வந்தபின், பிழைக்கும் குழந்தைகள் பெருகினர்.

ஆனால் அந்தப் பலன் எல்லா நாட்டுக்கும் ஒன்றுபோல் கிட்டவில்லை. உணவுப்பாதைப் பிறவிக் குறைபாடுகள் குறித்து 74 நாடுகளில் நடந்த ஆய்வு 2021இல் லான்செட் இதழில் வெளியானது. பணக்கார நாடுகளில் நூற்றுக்கு ஆறு குழந்தைகள் இறக்க, இந்தியா போன்ற நடுத்தர வருமான நாடுகளில் இருபதும், ஏழை நாடுகளில் நாற்பதும் இறந்தன. தாமதமாக வந்து சேர்வதும், வழியில் குளிர்ந்துபோவதும், கிருமித்தொற்றும் அறுவைசிகிச்சை நிபுணரின் உழைப்பையே வீணாக்கிவிடுகின்றன.

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், பிறவியிலேயே கண்டறிய வேண்டியவையாக ஒன்பது குறைபாடுகளை வகுத்தது. பிளவுதடு உண்டு, வளைந்த பாதம் உண்டு. நாள் கணக்கில் உயிரைப் பறிக்கும் குடல் அடைப்பு இல்லை. இதை மத்திய அரசு உடனே சேர்க்க வேண்டும். ஆசனவாய் திறந்திருக்கிறதா என்று பிரசவ அறையிலேயே பார்ப்பதற்கும், 24 மணி நேரத்துக்குள் முதல் மலம் கழிந்ததா என்று குறித்துவைப்பதற்கும் செலவு எதுவுமில்லை. எல்லாப் பிரசவ மையங்களிலும் இவற்றைக் கட்டாயமாக்க வேண்டும். குழந்தையை அனுப்பும் முன் மூக்குவழியே இரைப்பைக்குக் குழாய் போட்டு, டிரிப் ஏற்றி, உடல் சூட்டைக் காத்து, சென்று சேரும் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் தகவல் சொல்வதும் விதியாக வேண்டும். பெற்றோர் மறக்கக் கூடாதது ஒன்றே: வாந்தி பச்சையாக இருந்தால் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டு, விடியட்டும் என்று காத்திராமல், குழந்தைகள் அறுவைசிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே புறப்படுங்கள்.