நமக்கு நாமே சொல்லும் சொல்

நெல்லையோ பயறையோ படியில் அளக்கும்போது "ஒண்ணு" என்று தொடங்குவது நம் முன்னோர் வழக்கமில்லை. "லாபம்" என்று சொல்லி முதல் படியைப் போட்டுவிட்டு, அதன் பிறகே "ரெண்டு, மூணு" என்று எண்ணினார்கள். இரவில் கடையை "மூடுகிறோம்" என்று சொல்ல நமக்கு மனம் வராது. "எடுத்து வைக்கிறோம்" என்போம். கேட்ட சரக்கு கைவசம் இல்லாவிட்டாலும், "இல்லை" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லமாட்டோம். "நாளைக்கு வந்துரும்" என்போம். படியும் மரக்காலும் போய் மின்னணுத் தராசு வந்துவிட்டது. ஆனாலும் சொல்லில் உள்ள இந்தக் கவனம் வணிகர்களாகிய நம்மை விட்டுப் போய்விடவில்லை.

வாடிக்கையாளரிடம் இவ்வளவு பார்த்துப் பேசுகிற நாம், இரவு கல்லாவை எண்ணி முடித்த பின் நமக்கு நாமே என்ன சொல்லிக்கொள்கிறோம்? "எல்லாம் போச்சு." "இனி இந்தத் தொழில் தேறாது." "நம்மால ஆகாது." நம்மில் பலரும் தினமும் சொல்லிக்கொள்வது இதுதான்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கைபேசியைத் தட்டினால் மளிகை வீட்டு வாசலுக்கே வருகிறது. பெரிய கடைகள் கொடுக்கும் தள்ளுபடி விலைக்கு நம்மால் கொள்முதல்கூடச் செய்ய முடிவதில்லை. கடனுக்குக் கொடுத்தது வரவில்லை. வாங்கிய கடனுக்கு வட்டி நிற்கவில்லை. கொரோனா வந்த 2020-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் தற்கொலை செய்துகொண்ட வணிகத் துறையினர் 11,716 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டியது. அவர்களில் வியாபாரிகள் மட்டும் 4,356 பேர். அதற்கு முந்தைய ஆண்டில் இந்த எண்ணிக்கை 2,906. இது வெறும் புள்ளிவிவரம் அல்ல. நம்மைப் போலக் காலையில் கடை திறந்தவர்களின் கணக்கு.

திருமங்கலம் பக்கம் சில்லறை மளிகை நடத்தும் நண்பர் ஒருவர் மூன்று வாரமாகக் கடை திறக்கவில்லை என்று கேள்விப்பட்டு, நாங்கள் நான்கு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். "அண்ணாச்சி, மொத்தக் கடன் எவ்வளவு?" என்று கேட்டோம். "தெரியலைப்பா, நோட்டைத் திறந்தே நாலு மாசமாச்சு. திறந்து என்ன ஆகப்போகுது?" என்றார். அன்று மாலை நோட்டை எடுத்துவைத்து உட்கார்ந்து எழுதினோம். கடன் சிறியதல்ல. ஆனால் அவர் பயந்த அளவில் பாதிகூட இல்லை. வரவேண்டிய பாக்கியும் கணிசமாக இருந்தது. அவரை வீழ்த்தியது நட்டம் மட்டும் அல்ல என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. "எல்லாம் போச்சு" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டதால் நோட்டைத் திறக்கவில்லை. நோட்டைத் திறக்காததால் பயம் வளர்ந்தது. பயம் வளர்ந்ததால் கடையும் திறக்கவில்லை.

தமக்குத் தாமே நல்ல சொல் சொல்லிக்கொள்ளும் முறையை உலகெங்கும் பரப்பியவரும் ஒரு கடைக்காரர்தான். பிரான்சு நாட்டில் துருவா நகரில் மருந்துக்கடை நடத்திய எமில் குவே (1857–1926), மருந்தைக் கொடுக்கும்போது அதைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிக் கொடுத்தால் கூடுதல் குணம் தெரிவதைக் கவனித்தார். பிறகு, தாம் நாளுக்கு நாள் தேறி வருவதாகக் காலையிலும் படுக்கும் முன்னும் இருபது முறை சொல்லிக்கொள்ளும்படி மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார். எண்ணிக்கை தவறாமல் இருக்க இருபது முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றே போதும் என்றார். நம் தமிழகத்தில் எம்.எஸ். உதயமூர்த்தி தம் "எண்ணங்கள்" நூலின் மூலம் தன்னம்பிக்கையை இளைஞர்களிடம் கொண்டுசென்றதை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள்.

ஆனால் இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் உட் என்ற பெண் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தம்மைப் பற்றித் தாழ்வாக எண்ணுகிறவர்கள், தாம் அன்புக்குரியவர் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டபோது, அவர்களுடைய மனம் தேறவில்லை, இன்னும் சோர்ந்தது. வாய் சொல்வதை உள்ளம் நம்பவில்லை என்பதே இதற்குக் காரணமாக இருக்கலாம். நாமும் வணிகர்கள்தாம், இருப்பில் இல்லாத சரக்குக்குப் பில் போட முடியாது என்பது நமக்குத் தெரியாதா? வட்டி கட்ட வழியில்லாதவர் "நான் கோடீஸ்வரன்" என்று தினமும் சொல்லிக்கொள்வதும் அப்படிப்பட்ட பில்தான்.

ஆகவே, சொல்லும் சொல் உண்மையாக இருக்க வேண்டும். நம் கைக்குள் அடங்கியதாக இருக்க வேண்டும். அன்றே செய்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். "இன்னிக்குக் கணக்கை இன்னிக்கே எழுதுவேன்." "பாக்கிக்காரர் ரெண்டு பேரைக் கோபப்படாம கேட்பேன்." "கடன் கொடுத்தவர் போன் பண்ணினா எடுத்துப் பேசுவேன்." "எடையில குறை வைக்கலை. அந்தப் பேர் எங்கிட்ட இருக்கு." இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, காலையில் ஷட்டரைத் தூக்கும் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரவில் கடையை எடுத்து வைக்கும்போது, சொன்னதைச் செய்தோமா என்று பாருங்கள். செய்யவில்லையென்றால் மறுநாள் அதையே சொல்லுங்கள். நம் திருமங்கலத்து அண்ணாச்சி முதல் வாக்கியத்தைத்தான் பிடித்துக்கொண்டார். கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் கடை திறந்திருக்கிறது, நோட்டும் திறந்திருக்கிறது.

இதில் மதம் எதுவும் கிடையாது. கோயிலுக்குப் போகிறவர் போகட்டும். தொழுகைக்கும் ஜெபத்துக்கும் போகிறவர்கள் போகட்டும். எதிலும் நம்பிக்கை இல்லாதவரும் சொல்லலாம். செலவு எதுவும் இல்லை, நேரமும் அரை நிமிடம்தான்.

அதே சமயம், சொல் மட்டும் கடனை அடைத்துவிடும் என்று நாம் சொல்லவரவில்லை. கொள்முதலைக் குறைப்பதும், தவணை கேட்டுப் பேசுவதும், வீண் செலவை நிறுத்துவதும் செய்தே ஆக வேண்டும். தூக்கமில்லாத இரவுகள் தொடர்ந்தாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ, அதை மறைக்கவே கூடாது. வீட்டாரிடமோ பக்கத்துக் கடைக்காரரிடமோ சொல்லிவிடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழக அரசின் 104 ஆகியவற்றில் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம். மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பதைப் போன்றதுதான் அதுவும்.

பக்கத்துக் கடை ஷட்டர் இரண்டு நாள் இறங்கியே இருந்தால், மூன்றாம் நாள் போய் விசாரிப்பது நம் ஒவ்வொருவரின் கடமை என்று கேட்டுக்கொள்கிறோம். முதல் படியை "லாபம்" என்று அளந்தவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். காலையில் நமக்கு நாமே சொல்லும் முதல் சொல்லும் நல்ல சொல்லாக இருக்கட்டும்.