இருபத்தைந்து ரூபாப் பேனை

கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமமொன்றிலுள்ள பாடசாலைக்குக் கடந்த மாதம் சென்றிருந்தேன். புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர்கள் அனுப்பிய பணத்தில் பிள்ளைகளுக்குக் கற்றல் உபகரணங்கள் வழங்கும் நிகழ்வு அது. வழமையான பதாகை, வழமையான மங்கல விளக்கு, வழமையான ஒளிப்படங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து கொப்பிகளும் ஒரு கொம்பாசுப் பெட்டியும் பத்துக் குமிழ்முனைப் பேனைகளும் கிடைத்தன. நிகழ்வு முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, பதினோராம் தரத்தில் படிக்கும் சிறுமியொருத்தி ஆசிரியையிடம் வந்து, "மிஸ், இது ரெண்டும் எழுதேல்லை" என்றாள்.

"பரவாயில்லை பிள்ளை, மற்ற எட்டும் இருக்குதானே" என்று ஆசிரியை அனுப்பிவைத்தார். கொடுத்தவர்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கையில் அவர் வேறென்ன சொல்வார்?

அவ்விரண்டில் ஒன்றை வாங்கி எனது குறிப்புப் புத்தகத்தில் எழுதிப் பார்த்தேன். மூன்று எழுத்துகள் விழுந்தன. நான்காவதில் தாளில் பள்ளம் மட்டும் விழுந்தது. மை விழவில்லை. ஒரு பேனை 25 ரூபா வீதம் மொத்தமாக வாங்கியதாக ஏற்பாட்டாளர் பெருமையோடு சொன்னார். பேனையைப் பற்றியெல்லாம் எழுதுமளவுக்கு இவருக்கு விடயப் பஞ்சமா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். முப்பது ஆண்டுகளாகப் பேனையால் சோறு உண்டவன் என்ற வகையில் இதைப் பற்றிப் பேசும் உரிமை எனக்கு உண்டென்றே கருதுகிறேன்.

இப்பேனையை உலகுக்குத் தந்தவரும் ஒரு பத்திரிகையாளர்தான். ஹங்கேரி நாட்டவரான லாஸ்லோ பிரோ, அச்சகத்து மை உடனே உலர்ந்துவிடுவதையும் தமது ஊற்றுப் பேனையின் மை கையெல்லாம் அப்பிக்கொள்வதையும் கண்டு சலித்தவர். அச்சு மை போன்ற தடித்த மை சாதாரணக் கூர்முனையினூடாக இறங்காது. ஆகவே முனையில் சுழலும் ஒரு குண்டை வைத்து, இரசாயனம் அறிந்த சகோதரரின் துணையோடு அதற்கேற்ற மையையும் ஆக்கினார். 1938இல் பிரித்தானியாவில் காப்புரிமை பெற்றார். பின்னர் ஆர்ஜென்ரீனாவில் குடியேறினார். இன்றும் அந்நாட்டில் கண்டுபிடிப்பாளர் தினம் அவரது பிறந்த நாளான செப்டெம்பர் 29இல் கொண்டாடப்படுகின்றது. 1950இல் பிரான்ஸில் மார்செல் பிக் வெளியிட்ட அறுகோணப் பேனைதான் இதனை ஏழைக்கும் எட்டச் செய்தது. 2006ஆம் ஆண்டளவில் அந்த ஒரு வகை மாத்திரம் பத்தாயிரம் கோடி விற்றுவிட்டதாக அறிவித்தார்கள்.

மலிவு என்பதற்காக ஒரு பேனை மோசமாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். பிளாஸ்ரிக் உடலும் மூடியும் எவராலும் செய்யக்கூடியவை. உயிர் முழுவதும் முனையில்தான் இருக்கின்றது. ஒரு மில்லிமீற்றர் அல்லது அதற்கும் குறைந்த விட்டமுள்ள குண்டு, அது அமரும் குழி, குழிக்குள் மை வரும் நுண்ணிய வாய்க்கால்கள். இடைவெளி சற்றுக் கூடினால் மை கட்டியாக வழியும். சற்றுக் குறைந்தால் குண்டு இறுகி நிற்கும். உலகின் பேனைகளில் பெரும்பங்கைச் செய்து குவித்த சீனாவே, அம்முனைக்கான உருக்கைத் தானே உற்பத்தி செய்ய முடிந்தது என்று 2017இல்தான் அறிவித்தது. அதற்கு முந்திய ஆண்டுதான் அந்நாட்டுப் பிரதமர் லீ கெச்சியாங் அந்தக் குறையைப் பகிரங்கமாகச் சுட்டிக்காட்டியிருந்தார். வானளாவிய கட்டடங்கள் கட்டுபவர்களுக்கும் கடுகளவு குண்டு சிரமம் தந்திருக்கின்றது.

இனி, கடையில் நின்று இதை எப்படி அறிவது? நம்மவர்கள் கடைக்காரர் நீட்டும் அட்டைத் துண்டில் இரண்டு கோடு கிறுக்கிவிட்டு வாங்கிவிடுவார்கள். நேர்கோட்டில் எந்தப் பேனையும் நல்ல பிள்ளையாகவே நடந்துகொள்ளும். அதன் குணம் வளைவில்தான் தெரியும். குண்டு திசை மாறும்போது, குழியின் விளிம்பில் தேங்கிய மை பொட்டாகத் தாளில் இறங்கும். தமிழெழுத்தோ வளைவும் சுழியுமாகவே ஆனது. 'ஞாயிற்றுக்கிழமை' என்று நாலு தரம் எழுதிப் பாருங்கள், போதும். 'ண' எழுத்தைத் தொடர்ச்சியாக ஒரு வரி எழுதுவதும் நல்ல சோதனை.

அதைவிடக் கடுமையான சோதனை மெய்யெழுத்தின் புள்ளி. குண்டு உருண்டால்தான் மை வரும். புள்ளி வைக்கும்போது அது அநேகமாக உருள்வதில்லை, தொட்டுவிட்டு எழும்பிவிடும். தரமான முனையில் அந்தத் தொடுகைக்கும் புள்ளி விழும், மட்டமான முனையில் விழாது. இது சின்ன விடயமன்று. கையெழுத்துப் பிரதியிலிருந்து செய்திகள் அச்சுக்குப் போன தொண்ணூறுகளில், நான் எழுதிக்கொடுத்த செய்தியொன்றில் 'கல்வி' என்ற சொல்லின் புள்ளியைப் பேனை விழுங்கிவிட்டது. உயரதிகாரி ஒருவரது பதவியின் பெயரில் வந்த சொல் அது. கடைசி நேரத்தில் ஒப்புநோக்குநர் அதைக் கண்டிராவிட்டால் மறுநாள் அலுவலக வாசலில் என்ன நடந்திருக்கும் என்று எண்ணவே இன்றும் கூச்சமாக இருக்கின்றது. அன்றிலிருந்து எந்தப் பேனையை வாங்கினாலும் முதலில் எழுதிப்பார்ப்பது அந்தச் சொல்லைத்தான்.

தாளையும் மறக்கலாகாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாளில்கூட அச்சாகின. தாள் எதுவாயினும் எழுத்து பிடிக்கவேண்டும் என்பது அக்காலத்தில் எங்கள் கவலை. இன்றும் மலிவுக் கொப்பியின் தாள் நாரும் தூசியுமாகத்தான் இருக்கின்றது. 0.5 மில்லிமீற்றர் முனை அதனைக் கீறி நாரை அள்ளிக்கொள்ளும். 0.7 அல்லது ஒரு மில்லிமீற்றர் முனையே அதற்கு உகந்தது. ஜெல் பேனை கடையில் வழுக்கிக்கொண்டு எழுதி மனதை மயக்கும். அதன் மை நீரை அடிப்படையாகக் கொண்டது. மழையில் நனைந்த ஒரு நாளில் சக பத்திரிகையாளரின் ஜெல் குறிப்புகள் நீலக் குளமாகிவிட, என்னுடைய குமிழ்முனை எழுத்துகள் தாள் சுருங்கியும் வாசிக்கக்கூடியனவாக இருந்தன. உடலைப் பொறுத்தவரை அறுகோணமே என் தெரிவு. உருண்டைப் பேனை மேசையிலிருந்து உருண்டு தலைகீழாக விழும். முனை ஒருமுறை நசுங்கினால் அதன் ஆயுள் முடிந்தது. தேர்தல் காலத்தில் வேட்பாளரின் படத்தோடு வரும் இலவசப் பேனைகளைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. வாக்களிப்பு நாள்வரை எழுதிய ஒன்றையாவது நான் கண்டதில்லை.

அந்தச் சிறுமிக்குச் சாதாரணதரப் பரீட்சை காத்திருக்கின்றது. மூன்று மணித்தியால வினாத்தாளுக்கு விடை எழுதும்போது, பேனை நின்ற இடத்திலெல்லாம் எழுத்தின் மேல் எழுத்தெழுதி, அழுத்தி அழுத்தி விரல் கன்றி, கடைசி வினாவுக்கு வரும்போது கை சோர்ந்துவிடும். கொழும்பில் வசதியான வீட்டுப் பிள்ளை பையில் நாலு நல்ல பேனையோடு மண்டபத்துக்குள் போகின்றது. இந்தப் பிள்ளையிடம் இருப்பது நாங்கள் கொடுத்த பத்துத்தான். 2022இன் நெருக்கடியின் பின்னர் எழுதுபொருள்களின் விலை ஏறிய ஏற்றத்தில், இன்னொன்று வாங்கித்தா என்று தாயிடம் கேட்கவும் அவள் தயங்குவாள்.

பத்துப் பேனை 250 ரூபா. 40 ரூபாவுக்கு நல்லதாக நான்கு வாங்கினால் 160 ரூபாதான். பொதி மெலிந்து தெரியும், ஒளிப்படத்தில் எடுப்பாக இராது என்பது உண்மையே. எழுதாத பேனைக்குக் கொடுத்த பணம் முழுவதும் நட்டம் என்ற கணக்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் இரவுவேலை செய்து பணம் அனுப்புகிறவர்களுக்குத் தெரியாததன்று. அவர்களிடம் எவரும் சொல்வதில்லை. வாங்குகிறவர் ஒருவர், கொடுக்கிறவர் ஒருவர், எழுதுகிறவர் வேறொருவர். எழுதுகிறவரைக் கேட்பாரில்லை. பணம் அனுப்புவோர் 'எத்தனை பேனை கொடுத்தீர்கள்' என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒரு மாதம் கழித்து 'எத்தனை எழுதுகின்றன' என்று பாடசாலைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கவேண்டும். பெட்டியாக வாங்குமுன் கடைக்காரரிடம் பெட்டிக்குள்ளிருந்து மூன்றை உருவி எழுதிப் பார்க்கக் கேட்பதில் வெட்கமில்லை. கண்ணாடிப் பெட்டியின் மேலிருக்கும் மாதிரிப் பேனையைச் சோதிப்பதில் பயனில்லை, அது எப்போதும் எழுதும்.

இவற்றையெல்லாம் ஏற்பாட்டாளரிடம் அன்றே சொன்னேன். முதலில் முகம் சற்றுச் சுருங்கியது. பின்னர், "எந்தப் பேனை நல்லது எண்டு நீங்களே சொல்லுங்கோ ஐயா" என்றார். பெயர் சொல்ல நான் விரும்பவில்லை. ஒரே பெயரில் வரும் பேனையும் தொகுதிக்குத் தொகுதி மாறுவதை நான் கண்டிருக்கிறேன். புதிய தவணை தொடங்கமுன் அடுத்த தொகுதி வாங்கப் போகின்றார்களாம். கடைக்கு வரும்படி என்னையும் அழைத்திருக்கின்றார். மலிவுக் கொப்பி ஒன்றையும் கையோடு கொண்டு போவதாக உத்தேசம்.