படகின் பின்புறத்தில் ஒரு தொழில்

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளியானதும் நமது ஊர்ச் சந்திகளில் மருத்துவ, பொறியியல் பீடங்களுக்குத் தெரிவானோரின் பதாகைகள் எழுகின்றன. மகிழ்ச்சிதான். தெரிவாகாத பெரும்பான்மையினரைப் பற்றியோ நாம் பேசுவதேயில்லை. அவர்களுக்கு நாம் காட்டும் வழி பெரும்பாலும் கட்டாருக்கும் சவூதிக்குமே செல்கிறது. மூதூர், கிண்ணியா, சாய்ந்தமருது, ஒலுவில், கற்பிட்டி எனக் கடலை அண்டியே வாழும் நாம், கரையிலேயே கிடக்கும் ஒரு தொழிலைக் கண்டுகொள்ளாதிருக்கிறோம். படகின் பின்புறத்தில் பூட்டப்படும் வெளியிணைப்பு இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் தொழிலையே குறிப்பிடுகிறோம்.

மோட்டார் சைக்கிள் கராஜில் வேலை பழகியவனுக்கு இது எளிதுதானே என்பர் சிலர். ஓரளவு உண்மை. ஆயினும் கடல் வேறு. இவ்வியந்திரம், தான் நிற்கும் நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அந்நீரை ஏற்றுவது ஒரு சிறிய ரப்பர் இம்பெல்லர். நீரின்றிச் சற்று ஓடவிட்டாலே அதன் இதழ்கள் கெட்டுவிடும். பிறகு இயந்திரமே சூடேறி இறுகிவிடும். ஆகவே பின்புறத்தில் பீச்சும் மெல்லிய நீர்த்தாரையைக் கவனிப்பது முதற்பாடங்களுள் ஒன்று. கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் சீல் வழியே நீர் புகுந்திருக்கிறது. உலோகத்தைக் காக்கவென்று தான் அரிபடுகின்ற துத்தநாகக் கட்டியின் மீது அழகுக்காக வண்ணம் பூசிவிடுவோரும் உளர். அத்தோடு அதன் பயன் போயிற்று. மண்ணெண்ணெய் இயந்திரத்தைப் பெற்றோலில் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்குக் கொண்டுவர வேண்டும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, கார்புரேட்டர் சீராக இல்லாத இயந்திரம் வீணாக்கிய ஒவ்வொரு லீற்றரும் மீனவனின் அடுப்பிலிருந்தே எடுக்கப்பட்டது.

கரையில் நின்றுபோகும் இயந்திரம் ஒருநாள் உழைப்பைப் பறிக்கும். ஆழ்கடலில் நின்றுபோனால் பேச்சு உயிரைப் பற்றியது. வெள்ளிதோறும் நாம் ஓதும் கஹ்ஃப் அத்தியாயத்தில் வரும் மரக்கலம், கடலில் பாடுபட்ட ஏழைகளுடையது. அது பறிபோகாமலிருக்கவே அதில் பழுது உண்டாக்கப்பட்டது. ஏழையின் படகு அல்லாஹ்விடத்தில் எத்துணை கவனத்துக்குரியது என்பதை ஓதுகிறோம். அதைச் செப்பனிடுபவனுக்கோ பெண் கொடுக்கத் தயங்குகிறோம். தாவூத் (அலை) அவர்கள் தமது கைத்தொழிலால் உண்டார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் போற்றியதை மிம்பரில் கேட்டும் கையிலுள்ள எண்ணெய்க்கறையைக் கண்டு முகஞ்சுளிப்பது எவ்வகை நீதி?

பயிற்சியைப் பொறுத்தவரை, வகுப்பறை மட்டும் போதாது. கரையோரக் கொட்டிலில் மூத்த மெக்கானிக்கின் கையைப் பார்த்துக் கற்பதும் தனித்துப் போதாது. முன்னது இயந்திரத்தின் காரண காரியத்தைத் தரும், பின்னது சத்தத்தைக் கேட்டே நோயறியும் காதைத் தரும். ஏற்கெனவே வேலை பழகியோர் முன்கற்றலை அங்கீகரிக்கும் மதிப்பீட்டின் வழியே தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழை நாடலாம். வெளிநாடு செல்வதானாலும் வெறுங்கையோடு செல்வதற்கும் தகைமையோடு செல்வதற்கும் சம்பளத்தில் வேறுபாடு உண்டு.

இன்னொன்றும் கற்பிக்கப்பட வேண்டும். இயந்திரத்தின் உள்ளே நடப்பதைப் படகுக்காரர் காண்பதில்லை. கழற்றிய பழைய பாகத்தை அவர் கையில் திருப்பிக் கொடுப்பதும், போலிப் பாகத்தை அசலென்று விற்காதிருப்பதும் அமானிதம். அது பாடத்திட்டத்தின் ஓரத்தில் வைக்கப்படும் அறிவுரையன்று, தொழிலின் உட்பகுதியே.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் நாம் கேட்பது பெரிதன்று. பயிலும் காலத்தில் சம்பளமில்லாததால்தான் ஏழைப் பிள்ளைகள் இடையில் நின்று கூலி வேலைக்குப் போகின்றனர். வரும் ரமழானில் ஸகாத் பட்டியல் தயாரிக்கும்போது, தகுதியுடைய ஓரிரு இளைஞரின் பேருந்துச் செலவையும், பயிற்சி முடிந்ததும் ஒரு கருவிப் பெட்டியின் விலையையும் அதில் எழுதிக்கொள்ளுங்கள்.