டயரில் மிச்சம் பிடிக்க வேண்டாம்!

மே மாதம் பிறந்துவிட்டால் மும்பைத் தமிழர்களுக்கு ஊர் நினைப்பு வந்துவிடும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஊரில் கோயில் கொடை இருக்கும், கல்யாணம் இருக்கும். ஆனால் ரயிலில் மட்டும் இடம் இருக்காது. நாகர்கோவில் எக்ஸ்பிரசுக்கு முன்பதிவு தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே காத்திருப்போர் பட்டியல் நீண்டுவிடும். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கே சில ஆண்டுகளில் இடம் கிடைப்பதில்லை என்றால், மற்றவர்கள் பாட்டைச் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே நாலைந்து பேர் சேர்ந்து கார் பேசிக்கொண்டு புறப்படுகிறார்கள். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் சொந்த வண்டி வைத்து ஓட்டுகிற நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், சேலம், மதுரை வழியாகத் திருநெல்வேலி போய்ச் சேரச் சுமார் 1,600 கிலோமீட்டர். வண்டி பேசும்போது ஏ.சி. உண்டா, பாட்டு உண்டா, சாமான் வைக்கக் கேரியர் உண்டா என்று கேட்கிறோம். டயர் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

சித்ரதுர்காவில் நடந்தது

2024-ஆம் ஆண்டு மே மாதம் அது. எங்கள் பேட்டையில் சிறிய செடான் கார் ஒன்றை டூரிஸ்ட் பெர்மிட்டில் ஓட்டும் அண்ணாச்சி ஒருவரோடு ஊருக்குப் போனோம். நான், மனைவி, மகள், என் தாயார், அண்ணாச்சி ஆக ஐந்து பேர். டிக்கியில் காஸ் சிலிண்டர் இருந்ததால் பெட்டிகள் எல்லாம் கூரைமேல். சித்ரதுர்கா தாண்டி, பிற்பகல் இரண்டு மணி வெயிலில், இடது பக்கத்துப் பின் டயர் வெடித்தது. வண்டி பின்பக்கமாக இழுபட்டு, அரை வட்டம் சுற்றி, நடுத் தடுப்பில் மோதி நின்றது. பின்னால் லாரி எதுவும் வராதது நாங்கள் செய்த புண்ணியம். தாயாருக்கு மணிக்கட்டு முறிந்தது. மற்றவர்கள் சிராய்ப்போடு தப்பினோம்.

கீழே இறங்கிப் பார்த்தால், டயரின் மேல்பட்டை தோல் உரிந்ததுபோல் பிரிந்து கிடந்தது. இத்தனைக்கும் பட்டையில் பள்ளம் நன்றாகவே இருந்தது; மொட்டை டயர் அல்ல. பக்கவாட்டில் எழுதியிருந்த எண்ணைப் பிறகுதான் பார்த்தோம்: 2215. அதாவது 2015-ஆம் ஆண்டின் 22-வது வாரத்தில் செய்தது. ஏறக்குறைய 9 வயது. பின்பக்கத்து இரண்டு டயர்களையும் பழைய டயர்க் கடையில் பாதி விலைக்கு வாங்கியதாக அண்ணாச்சி ஒப்புக்கொண்டார்.

“தப்புத்தான் தம்பி. காருக்குத் தவணை கட்டணும், பிள்ளைக்குப் பீஸ் கட்டணும். கம்பெனிக்காரன் கமிஷன் வேற எடுத்துக்கிடுதான். நீங்களும் வாடகையிலே ரெண்டாயிரம் குறைச்சிட்டிய. நான் எங்கே மிச்சம் பிடிக்க?” என்றார்.

எனக்கு நாக்கு எழவில்லை. வாடகையைக் குறைத்துப் பேசியவன் நான்தான்.

45 காசுக் கணக்கு

அன்றைக்குப் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குமாஸ்தாவுக்குத் தெரிந்த வித்தை அதுதானே! இத்தகைய காருக்கு நான்கு புது டயர்கள் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவை 40,000 கிலோமீட்டர் ஓடும் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் கிலோமீட்டருக்கு 45 காசு ஆகிறது. மும்பையிலிருந்து திருநெல்வேலிக்கு 720 ரூபாய். ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு 144 ரூபாய். வழியில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகிற செலவு! இதில் ஒரு பகுதியை மிச்சம் பிடிக்கத்தான் ஐந்து உயிர்களைப் பணயம் வைத்தோம்.

வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு என் முதல் யோசனை இதுதான்: டயருக்கு என்று கிலோமீட்டருக்கு 45 அல்லது 50 காசை அன்றன்றே தனியாக எடுத்து வையுங்கள். காஸ் போடுவதுபோல் அதுவும் ஓட்டச் செலவுதான். டயர் தேய்ந்த பிறகு பணத்துக்கு அலைந்தால் கால்கள் தாமாகவே பழைய டயர்க் கடைக்குத்தான் போகும். மொத்தமாக நான்கு வாங்க முடியாவிட்டால் இரண்டிரண்டாக மாற்றலாம். அப்போது புது டயர்களைப் பின்பக்கம் போட வேண்டும். இன்ஜின் முன்னால்தானே, புதியது முன்னால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஈரச் சாலையில் முன் சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். டயர் கம்பெனிகளும் இப்படித்தான் சொல்கின்றன.

கடையில் என்ன கேட்பது?

கடைக்காரர் “ஆல் சீசன் டயர் சார்” என்பார். குளிர் நாடுகளில் அந்தச் சொல்லுக்குத் தனி அர்த்தம் உண்டு. 7 டிகிரிக்குக் கீழே சாதாரண ரப்பர் இறுகிப் பிடிப்பை இழப்பதால் அங்கே பனிக்காலத்துக்கு வேறு டயர் மாட்டுகிறார்கள். இரண்டுக்கும் பொதுவானது ஆல் சீசன். நமக்குப் பனி ஏது? நமக்கு இருப்பவை இரண்டே பருவங்கள்: மே மாதத்துத் தார்ச்சாலைச் சூடும், ஜூலை மாதத்து மும்பை மழையும். இந்த இரண்டையும் தாங்குகிறதா என்பதே கேள்வி.

நம் டிரைவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை கிலோமீட்டர் வரும்?” என்பது. அது நியாயமான கேள்விதான். ஆனால் நெடுநாள் உழைப்பதற்கென்றே செய்த கெட்டி ரப்பர், மழையில் பிடிப்புக் குறைவாக இருக்கக்கூடும். சில டயர்களின் பக்கவாட்டில் தேய்மானத்துக்கு ஓர் எண்ணும், ஈரத்தில் பிரேக் பிடிப்பதற்கு ஏஏ, ஏ, பி, சி என்ற எழுத்தும் இருக்கும். எண் பெரிதானால் அதிகம் உழைக்கும். எழுத்து ஏஏ ஆனால் மழையில் நன்றாக நிற்கும். எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். லோனாவாலா மலைப்பாதையில் மழை கொட்டும்போது உதவப்போவது அந்த எழுத்துத்தான்.

அடுத்தது அளவு. 165/80 ஆர் 14 85டி என்று இருந்தால், அகலம் 165 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 80 சதவீதம், உள்ளே 14 அங்குல வளையம் என்று பொருள். 85 என்பது ஒரு டயர் தாங்கும் பாரம், 515 கிலோ. டி என்பது வேக வரம்பைக் குறிக்கும் எழுத்து. டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள அளவையே வாங்க வேண்டும். பார எண் அதைவிடக் குறையவே கூடாது. அடுத்து, செய்த தேதி. புது டயரிலும் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். கடையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த சரக்கை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

பில் கட்டாயம் கேளுங்கள். கார் டயருக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. “பில் இல்லாமல் என்றால் மலிவு” என்ற பேச்சுக்கு மயங்கினால் நாளைக்கு உத்தரவாதம் கேட்க வழியில்லை. பள்ளம் தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் கோடு கீறிக் கறுப்புப் பூசி விற்பவர்களும் உண்டு. கோடு புதிதாக இருக்கும். அடியில் ரப்பர் இருக்காது.

வாங்கிய பிறகு

பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் காரில் அந்த டயரை ஓட்டுவது சட்டப்படி குற்றம். பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடு ஒன்று இருக்கும். பட்டை அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் ஆயுள் முடிந்தது. மும்பை மழைக்கு அதுவரை காத்திருக்கக் கூடாது. 3 மில்லிமீட்டர் ஆனதுமே மாற்றுவது நல்லது. பள்ளத்தின் வழியாகத்தான் தண்ணீர் வெளியேற வேண்டும். பள்ளம் இல்லாவிட்டால் டயர் தண்ணீர்மேல் மிதக்கும். பிரேக்கும் இல்லை, ஸ்டீரிங்கும் இல்லை. 5 ஆண்டு கடந்த டயரை, பள்ளம் இருந்தாலும், ஆண்டுதோறும் கழற்றிப் பரிசோதிக்க வேண்டும்.

நம்மவர்களிடம் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: வெயிலில் காற்று விரியும், ஆகவே குறைத்து அடிக்க வேண்டும் என்பது. உண்மை இதற்கு நேர்மாறு. காற்றுக் குறைந்தால் டயரின் பக்கவாட்டு மடிந்து மடிந்து சூடேறும். பாரமும் வேகமும் சேர்ந்தால் வெடிக்கும். வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, முழுப் பாரத்துக்குச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அந்த அளவு அடியுங்கள். ஸ்டெப்னியையும் மறக்கக் கூடாது.

நம் பொறுப்பு

எங்கள் இலாகாவில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியின் சக்கரத்தைக் கருவி வைத்து அளப்பார்கள். குறித்த அளவுக்குக் கீழே தேய்ந்திருந்தால் அந்தப் பெட்டி வண்டியிலிருந்து கழற்றப்படும். “இந்த ஒரு டிரிப் ஓடட்டும்” என்று டிரைவரும் சொல்ல முடியாது, ஸ்டேஷன் மாஸ்டரும் சொல்ல முடியாது. சாலையில் ஓடும் காருக்கு அப்படி அளந்து பார்ப்பவர் யார்? சொந்தக்காரரும் அதில் ஏறும் நாமும்தான்.

டயர் எல்லாம் தலைவிதிக்கு முன்னால் எம்மாத்திரம் என்பார்கள் சிலர். பக்கவாட்டில் எழுதியிருந்த 2215 தலைவிதி அல்ல. படித்துப் பார்த்திருக்கக்கூடிய எண். படிக்கவில்லை என்பதுதான் எங்கள் குற்றம்.

அண்ணாச்சி இப்போது நான்கும் புது டயராகப் போட்டிருக்கிறார். வாடகையும் கொஞ்சம் கூட்டியிருக்கிறார். சிலர் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: அடுத்த முறை ஊருக்குக் கார் பேசும்போது, ஏறுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நான்கு டயர்களின் எண்களையும் படியுங்கள். நல்ல டயர் போட்டவரிடம் பேரம் பேசாதீர்கள். தலைக்கு 144 ரூபாய் கூடக் கொடுத்தால் நாம் ஏழையாகிவிட மாட்டோம்.

என் தாயாரின் மணிக்கட்டு கூடிவிட்டது. ஆனால் குடத்தைத் தூக்கும்போது இன்றும் வலிக்கிறது என்கிறார். நான் மிச்சம் பிடித்த இரண்டாயிரம் ரூபாய் அப்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறது.