மரம் அறுக்கும் இயந்திரத்தின் மூன்று திருகுகள்

ஊரிலுள்ள தோப்புக்கென்று சிகந்தராபாத்தில் வாங்கிய மரம் அறுக்கும் இயந்திரம், இங்கே ஓட்டிப் பார்க்கும்போது குறைவின்றி ஓடுகிறது. ஊருக்குக் கொண்டுபோய்ச் சில நாள் வேலை வாங்கியதும் பிஸ்டன் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. இதற்குக் காரணம் யாது என்று அன்பர்கள் சிலர் நம்மைக் கேட்டுள்ளனர். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்பது அவர்களுடைய ஐயம். அப்படியும் இருக்கக்கூடும். ஆனால் பெரும்பாலும் குற்றம் கார்பரேட்டரின் மூன்று சிறு திருகுகளைச் சேர்ந்ததாகவே இருக்கும் என்பது நமது கருத்து. ஆதலால் இம்மாதம் இப்பகுதியை அதற்கே ஒதுக்கியுள்ளோம்.

தஞ்சைத் தரணியிலிருந்து இங்கு வந்து குடியேறியவர்களுக்கு இவ்வியந்திரம் ஏன் வேண்டியதாயிற்று என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் இலட்சக்கணக்கான தென்னை மரங்கள் ஒரே இரவில் சாய்ந்தன. அரசு மரம் ஒன்றுக்கு 600 ரூபாய் நிவாரணமும், அதனை வெட்டி அகற்றுவதற்கென்று 500 ரூபாயும் அறிவித்தது. மரத்தின் விலைக்கும் அதனை அகற்றும் கூலிக்கும் இடையே எவ்வளவு சிறிய வேறுபாடு பாருங்கள்! விழுந்த மரத்தை அகற்றினாலன்றிப் புதிய தென்னம்பிள்ளை ஊன்ற இயலாது. அறுக்க ஆளும் கிடைக்காமல், இயந்திரமும் கிடைக்காமல் தவித்த அந்த நாட்களை மறவாத குடும்பங்கள், சொந்தமாக ஒன்று இருக்கட்டும் என்று எண்ணி, இங்கே ராணிகஞ்ச் கடைவீதியில் வாங்கிச் செல்வது இயல்பே.

இனி விஷயத்துக்கு வருவோம். பெட்ரோலையும் காற்றையும் உரிய அளவில் கலந்து என்ஜினுக்கு அனுப்புவது கார்பரேட்டரின் வேலை. பழைய லாம்ப்ரெட்டா, சேதக் ஸ்கூட்டர் வைத்திருந்த அன்பர்கள் அதனை நன்கு அறிவர். ஸ்கூட்டரின் கார்பரேட்டருக்குள் ஒரு கிண்ணமும் மிதவையும் உண்டு. மரம் அறுக்கும் இயந்திரத்தையோ பக்கவாட்டில் சாய்த்தும் சில வேளை தலைகீழாகவும் பிடிக்க வேண்டியிருப்பதால், மிதவை அதற்கு ஒத்துவராது. அதன் இடத்தில் மெல்லிய சவ்வு ஒன்று அசைந்து அசைந்து பெட்ரோலை விடுகிறது. வெளியே மூன்று திருகுகள் தெரியும். 'எல்' என்று பொறித்தது மெதுவான ஓட்டத்துக்குரிய பெட்ரோலையும், 'எச்' என்று பொறித்தது முழு வேகத்துக்குரிய பெட்ரோலையும் கட்டுப்படுத்துவன. 'டி' அல்லது 'எல்ஏ' என்று பொறித்திருப்பது, விசையை விட்டபின் என்ஜின் சும்மா ஓடும் வேகத்தை மாத்திரம் கூட்டிக் குறைப்பது. எல், எச் இரண்டையும் வலஞ்சுழியாகத் திருப்பினால் பெட்ரோல் குறையும். இடஞ்சுழியாகத் திருப்பினால் கூடும். மூன்றாவது திருகை வலஞ்சுழியாகத் திருப்பினால் வேகம் ஏறும்.

பெட்ரோல் குறைந்தால் என்ன கேடு வந்துவிடும், சிக்கனந்தானே என்று சிலர் எண்ணுகின்றனர். இங்கேதான் ஆபத்து உள்ளது. இவ்வகை என்ஜினுக்குக் காருக்கு இருப்பதுபோல் தனியே எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்த 'டூ டி' ஆயில் ஒன்றே பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் வழுவழுப்பைத் தருவது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் உடன் குறைகிறது; அதே வேளையில் சூடும் வேகமும் ஏறுகின்றன. எண்ணெய் போதாத தோசைக்கல்லில் மாவு பிடித்துக்கொள்வதை நம் வீட்டுப் பெண்மணிகள் அறிவர். பிஸ்டன் பிடித்துக்கொள்வதும் அவ்வகையே. ஆயின் அதனைத் தோசைத் திருப்பியால் சுரண்டி எடுத்துவிட முடியாது. சிலிண்டரும் பிஸ்டனும் புதிதாக வாங்கும் செலவோ இயந்திரத்தின் விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

சரி, இங்கே சரியாக ஓடியது அங்கே ஏன் குறைபட வேண்டும்? இரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயரின் கீழே, கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதை யாவரும் கண்டிருப்பர். பயணிகளுக்கு அதனால் யாது பயன் என்று நம்மிடம் கேட்டவர் உண்டு. கார்பரேட்டருக்கு அது மிகவும் பயன்படுவது! நமது சிகந்தராபாத் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 540 மீட்டர் உயரத்தில் உள்ளது. வேதாரண்யம் கடற்கரையில் உள்ளது. மேட்டு நிலத்தில் காற்று இலேசானது, கடலோரத்தில் கனமானது. மேலும், கோடை விடுமுறைக்கு முன்பாக, 40 பாகை வெயிலில் இங்கே திருகைச் சரிசெய்து, ஐப்பசி, கார்த்திகை மழைக் குளிரில் அங்கே ஓட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வெயிற் காற்று இலேசு, குளிர்காற்று கனம். இரண்டும் சேர்ந்தால் அங்குள்ள காற்று இங்குள்ளதைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கனம் கூடியதாக இருக்கும். அந்த அளவுக்குப் பெட்ரோலைக் கூட்டி அனுப்பும் அறிவு சாதாரணக் கார்பரேட்டருக்குக் கிடையாது. ஆகவே திருகை எவரும் தொடாமலே கலவையில் பெட்ரோல் குறைந்துபோகிறது.

மூன்றாவது காரணம் அண்மையில் வந்து சேர்ந்தது. 2022இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் 10 சதவிகிதம் என்ற அளவை எட்டியது. 20 சதவிகிதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025இல் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனாலில் பிராணவாயு ஏற்கெனவே உள்ளது. தூய பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று தேவை என்றால், 20 சதவிகிதக் கலவைக்கு ஏறக்குறைய 13½ பங்கே போதும். இதன் பொருள் யாதெனில், அதே காற்றுக்கு எரிபொருள் சற்று அதிகமாக வேண்டும் என்பதே. பழைய பெட்ரோலுக்கு வைத்த திருகு இப்போது குறைவாகவே தரும். அன்றியும் பல உற்பத்தியாளர்கள் 10 சதவிகிதத்துக்கு மேல் எத்தனால் கூடாது என்று கைப்புத்தகத்தில் அச்சிட்டுள்ளனர். அதனைப் படிக்காமல் அட்டைப் பெட்டியோடு எறிந்துவிடுவது நம்மவர் வழக்கம். வாங்கும்போதே இதனை விற்பனையாளரிடம் கேட்டுத் தெளிதல் நன்று.

ஆக, உயரம், பருவம், எத்தனால் ஆகிய மூன்றும் ஒரே திசையில் இழுக்கின்றன. எனவே இயந்திரத்தை எந்த ஊரில் ஓட்டப் போகிறோமோ அந்த ஊரிலேயே, அங்கு வாங்கிய பெட்ரோலைக் கொண்டே, திருகைச் சரிசெய்தல் வேண்டும். இங்கே கடையில் செய்து கொடுத்தது போதும் என்று இருத்தலாகாது.

திருகைத் தொடுமுன் காற்று வடிகட்டியைக் கழற்றித் துப்புரவு செய்க. தூசியடைந்த வடிகட்டியுடன் சரிசெய்துவிட்டுப் பின்னர் அதனைக் கழுவினால், காற்று தாராளமாகப் புகுந்து கலவை மறுபடியும் குறைபடும். எரிபொருள் புதிதாகக் கலந்ததாக இருத்தல் அவசியம். 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில். 25க்கு 1 என்றால் 40 மில்லி. எது என்பதைக் கைப்புத்தகம் கூறும்.

என்ஜினை நிறுத்திய நிலையில் எல், எச் இரண்டையும் வலஞ்சுழியாக மெல்லத் திருப்பி, முட்டியதும் நிறுத்துக. பலங்கொண்டு முறுக்கினால் ஊசிமுனை கெட்டுவிடும். பின் கைப்புத்தகம் கூறும் அளவுக்கு, பெரும்பாலும் ஒரு முழுச் சுற்று, இடஞ்சுழியாகத் திறந்து வைக்கவும். சில இயந்திரங்களில் திருகின் தலையில் தடுப்பு மூடி இருக்கும். அது விட்ட அளவுக்கு மேல் திருப்ப முயலவேண்டாம். எச் திருகே இல்லாதனவும், தாமே சரிசெய்துகொள்ளும் மின்னணுக் கார்பரேட்டர் கொண்டனவும் உண்டு. அவை உடையோர் வடிகட்டியைக் கவனித்தால் போதும்.

என்ஜினை ஓட்டிச் சில நிமிஷம் சூடேற விட்டு, முதலில் எல் திருகை இருபுறமும் சிறிது சிறிதாகத் திருப்பி, எந்த இடத்தில் வேகம் மிகுகிறதோ அதனைக் கண்டு, அங்கிருந்து கால் சுற்று அளவு இடஞ்சுழியாக வருக. விசையைச் சட்டென்று அழுத்தினால் தயங்காமல் எழவேண்டும். தயங்கித் திணறினால் பெட்ரோல் குறைவு. புகை கக்கிக் கனத்தால் மிகுதி. அடுத்து 'டி' திருகினால், விசையை விட்டபோது சங்கிலி அறவே நகராதபடி வேகத்தைக் குறைத்து வைக்கவும். சும்மா ஓடும்போது சங்கிலி நகரும் இயந்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரடிகூட நடக்கலாகாது. தொடையிலும் முழங்காலிலும் காயம் பட இவ்வொரு குறையே போதும்.

கடைசியாக எச் திருகு. இதற்குக் காது வேண்டும். மரத்தில் வைக்காமல் முழு விசையைச் சில விநாடி மாத்திரம் அழுத்திக் கேளுங்கள். கொசு காதருகே பாடுவதுபோல் ஒரே இழையாய்க் கூரிய ஒலி வந்தால் பெட்ரோல் குறைவு. உடனே இடஞ்சுழியாகத் திருப்புக. சற்றே தடதடப்பும் கரகரப்பும் கலந்த ஒலி வந்து, மரத்தில் வைத்து அறுக்கும்போது அக்கரகரப்பு நீங்கித் தெளிந்தால், அளவு சரி. கூரிய ஒலியே பலம் என்று கருதி அதனை நாடித் திருப்புவோர்தாம் பிஸ்டனை இழக்கின்றனர். இவ்வகை இயந்திரங்கள் பல நிமிஷத்துக்கு 12,000 முதல் 14,000 சுற்று வரை ஓடுவன. காதை நம்ப இயலாதவர் சுற்று எண்ணும் கருவியை இரவல் வாங்கிக் கைப்புத்தகத்து எண்ணோடு ஒப்பிடுதல் உத்தமம். காதில் அடைப்பானும் கண்ணுக்குக் கண்ணாடியும் இன்றி இவ்வேலையில் இறங்கவேண்டாம். அடைப்பானையும் மீறி இவ்வொலி நன்கு கேட்கும்.

எவ்வளவு திருப்பியும் வேகம் தானே ஏறி இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. அது திருகால் தீராது, மெக்கானிக்கிடம் கொடுப்பதே முறை. தென்னையைப் பற்றி இன்னொன்று. அதன் வெளிப்புற நார் மிகக் கடினமானது. விழுந்த மரமாயின் மணலும் ஒட்டியிருக்கும். சங்கிலி விரைவில் மழுங்கிவிடும். சிம்பு சிம்பாக விழவேண்டிய தூள் மாவாக விழத் தொடங்கினால் கார்பரேட்டரைக் குறைகூறாமல் சங்கிலியைப் பாருங்கள்.

ஊருக்கு எடுத்துச் செல்வோருக்கு நமது உத்தியோக முறையில் ஒரு சொல். பெட்ரோலுடன் இவ்வியந்திரத்தை இரயிலில் ஏற்றுவது குற்றம். 1989ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, 3 ஆண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடந்தருகிறது. கொஞ்சந்தானே மிச்சம் என்று பார்சல் அலுவலகத்தில் வாதாடிப் பயனில்லை. டேங்கை முற்றும் வடித்தபின், என்ஜினை ஓட்டி, தானே நிற்கும்வரை விட்டால் கார்பரேட்டரில் தங்கியதும் தீரும். பல மாதம் ஊரில் பூட்டி வைக்கும்போதும் இதையே செய்க. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து, உள்ளிருக்கும் சவ்வைக் கெடுக்கும். சங்கிலியை அரத்தால் தீட்டும் முறையை அடுத்த இதழில் எழுதுவோம்.