யார் சந்தர்ப்பவாதி?

பக்கத்துத் தோட்டத்தில் கூலி கொஞ்சம் கூடுதல் என்று ஒரு பால்வெட்டுத் தொழிலாளி பெட்டி படுக்கையைக் கட்டினால் போதும், "பார்த்தீரா, சந்தர்ப்பவாதி!" என்று ஆபீசில் பேச்சு எழுகிறது. பேசுகிறவர்கள் நம் கிராணிமார்கள். நானும் அதே நாற்காலியில் இருப்பவன், ஆகவே கேட்கிறேன். அந்தச் சொல் எங்கே பிறந்தது, யாரைச் சுடப் பிறந்தது என்று அவர்களுக்குத் தெரியுமா?

கப்பலைத் துறைமுகம் நோக்கித் தள்ளும் காற்றைக் குறித்த லத்தீன் சொல்லே அதன் வேர். காற்றின்மேல் பழியில்லை. பழி சேர்ந்தது பிரான்சில். 1871இல் பாரிஸ் கம்யூன் எழுச்சியை நசுக்கி, ஆயிரக்கணக்கானோரைச் சிறையிலிட்டார்கள், நாடுகடத்தினார்கள். அவர்களுக்குப் பொதுமன்னிப்புக் கேட்டபோது, கம்பெத்தாவின் குடியரசுக் கட்சியினர் 'தக்க சமயம் வரட்டும்' என்று இழுத்தடித்தனர். முழு மன்னிப்பு வந்தது 1880இல்! அந்தக் கட்சியினர்மேல் எறியப்பட்ட ஏச்சுதான் இது. தமிழில் 'சந்தர்ப்ப'த்தோடு 'வாத'த்தைச் சேர்த்தோம். கைகாலை முடக்கும் வாதம்கூட இவ்வளவு கொடியதல்ல.

ஏழை காத்துக் கிடக்க, அதிகாரத்தில் இருப்பவன் தன் வசதிக்குச் சமயம் பார்த்தான். அதற்கு வந்த பெயர் இது. சரி, நம் பால்மரத்தடியில் அப்படிச் சமயம் பார்த்தவர் யார்?

1910இல் ரப்பர் விலை ஏறியபோது கங்காணிகளை அனுப்பி ஊர் ஊராக ஆள் திரட்டினார்கள். 1930க்குப் பின் விலை விழுந்ததும் கூலியை வெட்டினார்கள். ஆயிரமாயிரம் பேரைத் தமிழ்நாட்டுக்கே திருப்பிக் கப்பலேற்றினார்கள். 1934இல் விலை தேறியது; மறுபடியும் ஆள் வேண்டும் என்றார்கள்! 1950களில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டு வெள்ளைக் கம்பெனிகள் பல கிளம்பின. லயத்துக் குடும்பங்கள் தெருவில் நின்றன. தொழிலாளியின் சேமிப்பைத் திரட்டித் தோட்டம் வாங்க 1960இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான். அந்தத் துரைமாரை எந்தக் கிராணியாவது சந்தர்ப்பவாதி என்றாரா? 'மார்க்கெட் நிலைமை' என்று மரியாதையாக எழுதி வைத்தோம்.

கூடுதல் கூலிக்குப் போனவர் யார் சோற்றில் கை வைத்தார்? தன் உழைப்பைத்தானே விற்கப் போனார்!

நம்மிடையே அந்தப் பெயருக்கு உரியவன் வேறொருவன். சந்தா கேட்டால் "சங்கம் எனக்கு என்ன கிழித்தது?" என்பான். வேலைநிறுத்தம் என்றால் வயிற்றுவலி வந்துவிடும். ஒப்பந்தம் கையெழுத்தாகி நிலுவைப் பணம் வரும் நாளில் மட்டும் சம்பள மேசைக்கு முதல் ஆள் அவன்தான். கிராணிமார்களே, பணத்தை எண்ணிக் கொடுப்பவர்கள் நீங்கள்; அவன் முகம் உங்களுக்குத் தெரியும்.