சொல்லால் வரையும் சின்னம்

"மூன்று நிறங்கள் கொண்டது, நடுவில் ஒரு சிங்கம் உண்டு." கொடியொன்றைப் பற்றி நாம் இவ்வாறு கூறிவிட்டு அமைவது வழக்கம். கேட்பவரும் தலையசைப்பார். ஆனால், அவர் கையில் எழுதுகோலைக் கொடுத்து அக்கொடியை வரையுமாறு சொன்னால் திகைத்துப்போவார். நிறங்கள் மேலுங் கீழுமாக அமைந்தனவா, பக்கம் பக்கமாக நிற்பனவா? சிங்கம் நடக்கின்றதா, பின்னங்கால்களில் எழுந்து நிற்கின்றதா? அதன் முகம் எத்திசையை நோக்கியது?

இத்தகைய வினாக்கள் எழாதவாறு, சொற்களைக் கொண்டே சின்னங்களை விளக்குவதற்கு ஐரோப்பியர் ஒரு தனிமொழி வகுத்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வீரர்தம் கேடயங்களிற் குலச்சின்னம் தீட்டும் வழக்கம் அங்கே பரவிற்று. அச்சின்னங்களை அறிந்து கூறுதல் கட்டியக்காரர் தொழிலாயிற்று. இங்கிலாந்தின் பிரபுக்கள் அந்நாளிற் பிரெஞ்சு மொழி பேசியவராதலின், இக்கலைச் சொற்களும் பெரும்பாலும் பழைய பிரெஞ்சுச் சொற்களாகவே இன்றும் நிலவுகின்றன.

விளக்கும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலிற் கேடயத்தின் களம் இன்ன நிறம் என்று கூறவேண்டும். அதன் பின்னரே களத்தின்மேல் அமைந்த பொறியைக் கூறவேண்டும். (புலிப்பொறி, கயற்பொறி என நம் முன்னோர் வழங்கிய சொல்லே இதற்குப் பொருந்தும்.) பொன்னும் வெள்ளியும் உலோகங்கள் எனப்படும், ஓவியர் அவற்றை மஞ்சளாகவும் வெள்ளையாகவும் தீட்டுவதுண்டு. சிவப்பு, நீலம், கருமை, பச்சை, ஊதா என்பன வண்ணங்கள். உலோகத்தின்மேல் உலோகமும், வண்ணத்தின்மேல் வண்ணமும் வைத்தலாகாது என்பது விதி. நீலத்தின்மேற் கருமை தீட்டினால், தொலைவில் நிற்பவனுக்கு யாது புலப்படும்? விதியின் காரணம் இதுவே.

இங்கிலாந்து அரசரின் சின்னத்தை இம்முறையிற் கூறிப் பார்ப்போம்: "செந்நிறக் களம்; ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பொன்னிறச் சிங்கங்கள்; நடக்கும் நிலையின; முகம் நம்மை நோக்கியன." இவ்வளவே போதும். ஓவியர் பதின்மர் பத்து விதமாகச் சிங்கத்தை வரையலாம். பத்தும் ஒரே சின்னமே. ஏனெனில், சின்னம் என்பது படமன்று, சொல்லே சின்னம்.

மாணவர் இடறும் இடம் ஒன்று உண்டு. வலம், இடம் என்பன பார்ப்பவரைக் கொண்டு கூறப்படுவன அல்ல. கேடயத்தை ஏந்தியவனைக் கொண்டு கூறப்படுவன. ஆதலின், 'டெக்ஸ்டர்' எனப்படும் வலப்புறம் நம் கண்ணுக்கு இடப்புறமாகத் தோன்றும்.

இச்சொற்கள் வெறும் அலங்காரம் அல்ல என்பதற்கு ஒரு வழக்கே சான்று. 1385ஆம் ஆண்டில் இரண்டாம் றிச்சேட் மன்னர் ஸ்கொத்லாந்தின்மேற் படையெடுத்தார். அப்படையில் றிச்சேட் ஸ்குறோப், றொபேட் குறோவ்னர் என்னும் வீரர் இருவரும் ஒரே சின்னத்தை ஏந்தி நின்றனர்: "நீலக் களத்திற் பொன்னிறச் சாய்பட்டை." தமக்கே அது உரியதென ஸ்குறோப் வழக்குத் தொடுத்தார். நூற்றுக்கணக்கானோர் சான்று கூறினர். கவிஞர் சோசரும் 1386இற் சாட்சியளித்தார். இலண்டன் தெருவொன்றில் அச்சின்னம் தொங்குவதைக் கண்டு, 'இது ஸ்குறோப்பின் விடுதியோ' எனத் தாம் வினவியதையும், அது குறோவ்னருடையது எனப் பதில் கிடைத்ததையும் அவர் எடுத்துரைத்தார்.

1389இல் ஸ்குறோப்புக்குச் சார்பாகத் தீர்ப்பாயிற்று. வெள்ளி விளிம்பு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு அதே சின்னத்தைக் குறோவ்னரும் ஏந்தலாம் என்று கூறப்பட்டது. ஆயின், குருதி உறவில்லாத ஒருவருக்கு அந்த வேறுபாடு போதாதென 1390இல் மன்னர் மறுத்துவிட்டார். குறோவ்னர் குடும்பம் நீலக் களத்திற் பொன்னிறக் கோதுமைக் கதிர்க்கட்டினை ஏற்றுக்கொண்டது. எனினும் பழைய சின்னத்தை அக்குடும்பம் மறந்திலது. 1880இல் டேர்பிப் பந்தயத்தில் வென்ற குதிரை, அம்மரபினரான வெஸ்ற்மினிஸ்ற்றர் கோமகனுடையது. அதன் பெயர் 'பெண்ட் ஓர்'. அதாவது 'பொன்னிறச் சாய்பட்டை'!

கொடிகளுக்கும் இத்தகைய சொற்கள் உள. கம்பத்தை ஒட்டிய பாகம் ஒன்று. காற்றிற் பறக்கும் பாகம் மற்றொன்று. கம்பத்தை ஒட்டிய மேல்மூலை சிறப்பிடம். இப்பாகங்களை அறியாதார் 1801 முதல் வழங்கும் பிரித்தானியக் கொடியைத் தலைகீழாக ஏற்றிவிடுதல் கூடும். கம்பத்தை ஒட்டிய பாதியில், சாய்ந்த செங்கோட்டுக்கு மேலே அகன்ற வெண்பட்டை இருத்தல் வேண்டும். இதுவே அடையாளம்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கூறி முடிக்கின்றேன். உங்கள் கல்லூரிச் சின்னத்தை, அதனைக் கண்டிராத ஒருவரிடம் சொற்களால் மட்டும் விளக்குங்கள், அவர் வரையட்டும். களத்திற் தொடங்குங்கள், வலமும் இடமும் மயங்காதிருங்கள். அவர் வரைந்தது பிழையாயின், அவர் கையைக் குறை கூறற்க. உங்கள் சொல்லைத் திருத்துக. கண்டதைக் கண்டவாறே பிறர்க்கு உணர்த்துதல் கேடயத்துக்கு மட்டும் வேண்டிய கலையன்று. விஞ்ஞானக் கூடத்திலும் நீதிமன்றத்திலும் அதுவே வேண்டப்படுகின்றது.